சிவப்புத் துணி கட்டிய மரங்கள்

இதை எங்கிருந்து தொடங்குவது என்று பயமாக இருக்கிறது தாயி. தப்பாகச் சொல்லிவிடுவேன். எப்போது சொன்னாலும் அப்படித்தான் ஆகிறது. முன்னாலிருந்து சொன்னால் அவள் நல்லவளாகிவிடுகிறாள். பின்னாலிருந்து சொன்னால் நான் கெட்டவளாகிவிடுகிறேன். எங்கள் ஊரில் அத்தனை பேருக்கும் சொல்லிப் பார்த்துவிட்டேன். கடைசியில் ஒருத்தர் விடாமல், "ஒச்சம்மா, நீ வெள்ளத்தாய்கிட்ட மன்னிப்புக் கேளு" என்கிறார்கள். வெட்டுப்பட்டவள் வெட்டியவளிடம் மன்னிப்புக் கேட்பாளா? நீ வெளியூர்க்காரி. உனக்கு அவளையும் தெரியாது, என்னையும் தெரியாது. நீ கேட்டுவிட்டுச் சொல்.

கொஞ்சம் தள்ளி உட்கார். இந்த மூட்டை உன் மேல் படக் கூடாது. கனமெல்லாம் இல்லை, துணிதான். ஆனால் நீ தொடாதே. பிள்ளை பெற வேண்டிய வயது உனக்கு.

ஆற்றுப் பாலம் வந்தால் மட்டும் எனக்குச் சொல்லிவிடு. எனக்கே தெரியும், இந்த ரோட்டில் எத்தனை வருஷமாகப் போகிறேன். இருந்தாலும் இந்த வெயில் கண்ணைக் கூசுகிறது. அதோடு பஸ் கண்ணாடியை யார் துடைக்கிறார்கள் இப்போது? எல்லாம் பனி மூட்டம் போட்ட மாதிரி இருக்கிறது. போர்டு எழுதுகிறவனும் அப்படித்தான். முன்பெல்லாம் என்ன பளிச்சென்று எழுதுவான். இப்போது ஏதோ ஈ மொய்த்த மாதிரி எழுதி வைக்கிறான். ஸ்டாண்டில் நான் வேறு பஸ்ஸில் ஏறிவிட்டேன். கண்டக்டர், "கெழவி, கண்ணு தெரியலையா?" என்கிறான். கிழவியாம். என் பிள்ளைக்கே இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நான் விடுவேனா? "ஒங்க ஆத்தாளைப் போய்க் கேளு" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.

சரி, சொல்கிறேன்.

எங்கள் ஊர் கரட்டடியில் இருக்கிறது. கூனிக்கரடு என்பார்கள், ஒரு கல்லுக் குன்று. பெரிய மலையின் பச்சையெல்லாம் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். மழையும் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். எங்கள் பக்கம் கல்லும் முள்ளும்தான். உசிலை, வெப்பாலை, கிளுவை, விராலி, காரை, சூரை. தண்ணீர் கேட்காத சாதி எல்லாம். அவற்றில் எங்களுக்குச் சோறு போடுவது உசிலை. அரப்பு தெரியுமா உனக்கு? தலைக்குத் தேய்த்துக் குளிப்பது. நீ ஷாம்பு போடுகிறவளாக இருப்பாய், தலையைப் பார்த்தாலே தெரிகிறது. உசிலை இலையைப் பறித்து, பாறையில் காயவைத்து, இடித்தால் அதுதான் அரப்பு. சித்திரை, வைகாசியில் உசிலை தழைக்கும். அப்போது ஊரில் பாதிப் பெண்கள் கரட்டின் மேல்தான் இருப்போம்.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. கரடு பொதுக் கரடு. யார் மரம் என்று யாரும் பட்டா வாங்கவில்லை. ஆனால் தழைக்கத் தொடங்கியதும் ஒவ்வொரு வீட்டுக்காரியும் ஏறிப்போய், தன் வீட்டுப் பழந்துணியைக் கிழித்து, தனக்கு வேண்டிய மரத்தில் கட்டிவிட்டு வருவாள். எந்தத் துணி எந்த வீட்டுத் துணி என்று எல்லாருக்கும் தெரியும். கட்டிவிட்டால் அந்த வருஷத்துக்கு அந்த மரம் அவளுடையது. எவ்வளவு தழைத்துக் கிடந்தாலும் வேறொருத்தி கொப்பை இழுக்கத் துரட்டி போடமாட்டாள். எங்கள் வீட்டுத் துணி என் வீட்டுக்காரருடைய நீல லுங்கி. வெள்ளத்தாய் வீட்டுத் துணி பச்சைக் கட்டம் போட்ட துண்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள். பச்சைக் கட்டம். சிவப்பு இல்லை.

வெள்ளத்தாய் என் ஓரகத்தி. கொழுந்தன் பொண்டாட்டி. நான் மூத்த மருமகள், அவள் இளையவள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அந்தச் சுவருக்கு வாய் இருந்தால் என் பக்கம்தான் பேசும்.

அவள் குணத்துக்கு ஒன்று சொல்கிறேன். கரட்டுக்கு ஏறும்போது முன்னால் போகவேண்டியவள் யார்? மூத்தவள்தானே? நாலு வருஷமாக அவள்தான் முன்னால் போகிறாள். அவள் அப்பன் வெட்டிய பாதை மாதிரி. சும்மாவும் போகமாட்டாள். வாய் ஓயாது. "அக்கா, எடப்பக்கம் காரை முள்ளு." "அக்கா, இந்தக் கல்லு ஆடுது, மிதிக்காதீக." "அக்கா, தலையக் குனிஞ்சுக்கிருங்க, கெளுவைக் கொப்பு." எனக்குச் சொல்கிறாளாம்! நான் அந்தக் கரட்டில் பாவாடை கட்டின நாளிலிருந்து விறகு பொறுக்கினவள். மூன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தைவிட்டு நின்றதே அதற்காகத்தான். அவள் கீழ்நாட்டுக்காரி, வயக்காட்டில் பிறந்தவள். காரை எது, களா எது என்று நான்தான் அவளுக்குக் காட்டிக் கொடுத்தேன். இப்போது எனக்கே காட்டுகிறாள். மற்ற பெண்கள் முன்னால் என்னை ஒன்றும் தெரியாதவளாக்குவதற்கு.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏண்டி, நான் என்ன குருடியா?"

அவள் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். மறுபடி முன்னால் நடந்தாள். பிறகு பார்த்தால் கொலுசு போட்டிருக்கிறாள். பேரன் எடுக்கப்போகிற வயதில் கொலுசு! சலங்கை மாட்டின மாதிரி சலசலவென்று முன்னால் போகிறாள். "எதுக்குடி இந்த மினுக்கு?" என்றேன். "சத்தம் கேக்கட்டும்னுதான்க்கா" என்றாள். யாருக்குக் கேட்க வேண்டும்? புருஷன் கேரளாவில் இருக்கிறான். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் அசிங்கம்.

அந்தச் சத்தத்தின் பின்னாலேயே நானும் நாலு வருஷம் நடந்தேன். வேறு என்ன செய்வது, பாதை ஒன்றுதானே.

இப்போது போன வருஷத்துக் கதைக்கு வருகிறேன். அதில்தான் எல்லாம் ஆரம்பம். இல்லை, அதற்கு முன்னால் சேலையைச் சொல்ல வேண்டும். பார், தப்பாகச் சொல்லிக்கொண்டு போகிறேன்.

எங்கள் மாமியாருக்கு ஒரு சுங்குடிச் சேலை இருந்தது. ரத்தச் சிவப்பு. கரை மட்டும் மஞ்சள். அவர் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் கட்டியிருப்பார். பெட்டியைத் திறந்தால் வீடே வெளிச்சமாகும். அது யாருக்கு வர வேண்டும்? மூத்த மருமகளுக்கு. அவர் சாகும்போது வெள்ளத்தாய் கையில் கொடுத்துவிட்டார். ஏனென்றால் படுக்கையில் கிடந்தபோது அவள்தான் அள்ளிப் போட்டாளாம். நான் மாட்டேன் என்றா சொன்னேன்? அந்த வாடை எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றுதானே சொன்னேன்? சாகப்போகிறவரை மயக்கி வாங்கிவிட்டாள். அதன் பிறகு அவள் அதை ஒருநாள் கட்டியிருக்கிறாளா? இல்லை. பத்திரமாக வைத்திருக்கிறாள். நான் ஆசைப்பட்டு ஆசைப்பட்டு வேக வேண்டும் என்று.

சேலை இருக்கட்டும். போன வைகாசி. அவளுக்குக் காய்ச்சல், படுத்துவிட்டாள். எனக்கு நிம்மதி. தனியாக ஏறினேன். கொலுசுச் சத்தம் இல்லை, "அக்கா, கல்லு" இல்லை. என் லுங்கித் துணி கட்டின உசிலையாகப் பார்த்துத் துரட்டி போட்டு இழுத்தேன். அது தழைத்திருந்த தழைக்கு இரண்டு சாக்கு வரும். மேலேயிருந்து என்னவோ சொட்டுச் சொட்டாகத் தோளில் விழுந்தது. மழையா என்று நிமிர்ந்து பார்த்தேன். முகத்திலும் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி இழுத்தேன்.

மறுநாள் காலை என் முகம் முகமாக இல்லை. பூசணிக்காய் மாதிரி ஊதிவிட்டது. கண் திறக்கவில்லை. கழுத்தெல்லாம் கொப்புளம், தண்ணீர் வடிகிறது. ஜாக்கெட்டில் தோள் பக்கம் கறுப்புக் கறுப்பாகத் திட்டு. சோப்புப் போட்டாலும் போகவில்லை, நீலம் போட்டாலும் போகவில்லை. நீயே சொல், மலையில் வெள்ளைத் தண்ணீராக விழுந்தது வீட்டில் எப்படிக் கறுப்பாகும்? மை. மந்திரித்த மை. வேறு என்ன?

ஊரில் சொல்கிறார்கள், சேரா மரத்துப் பால் என்று. சலவைக்காரர்கள் துணிக்குக் குறி போடுவார்களே, அந்தச் சேராங்கொட்டை காய்க்கும் மரம். அதன் பால் பட்டால் உடம்பு வெந்துவிடும், உண்மைதான். பட்ட இடம் கறுப்பாகும், அதுவும் உண்மைதான். உசிலைக்குப் பக்கத்திலேயே நிற்கும், அதுவும் உண்மைதான். ஆனால் சேரா இலை என் கை அகலம் இருக்கும். உசிலை இலை பல்லி முட்டை அளவுகூட இருக்காது. எனக்கா தெரியாது? நானா சேராக் கொப்பில் துரட்டியை மாட்டி இழுப்பேன்? நர்ஸம்மாகூடச் சொன்னாள், "கண்ணுக்குள்ள படாமப் போச்சே, தப்பிச்சீங்க. அடுத்த தடவை பட்டா கண்ணு போயிரும்" என்று. அவளுக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

வெள்ளத்தாய் காய்ச்சலோடு எழுந்து வந்துவிட்டாள். வந்து என்ன செய்தாள் தெரியுமா? என் தலைமாட்டில் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தடவினாள். கஞ்சி காய்ச்சி ஊட்டினாள். வீக்கம் வடிகிறவரை போகவே இல்லை. என் வீங்கின முகத்தை ஆசை தீரப் பார்க்க வேண்டாமா? இடையிடையே மூக்கை உறிஞ்சி அழுகை வேறு. "நான் வந்திருந்தா இப்பிடி ஆயிருக்காதேக்கா" என்றாள். கேட்டாயா? அவளே ஒப்புக்கொள்கிறாள்! அவள் வந்திருந்தால் ஆகியிருக்காது என்றால், ஆக வைத்தது யார்?

இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தவசி என்று பெயர். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒச்சு, ஒனக்குக் கண்ணு மங்கிப்போச்சு. அது ஊருக்கே தெரியும். ஒனக்கு மட்டும்தான் தெரியாது" என்றார். என் புருஷன் தாயி. அவரையும் பேசிச் சரிக்கட்டிவிட்டாள்.

அதோடு விட்டாளா? ஆடி மாதம் பள்ளிக்கூடத்தில் கண் வைத்தியம் பார்க்க டவுனிலிருந்து வந்திருந்தார்கள். அரப்பு யாவாரி வந்திருக்கிறான், வாங்க என்று பொய் சொல்லி என்னைக் கூட்டிப்போய் அங்கே உட்கார வைத்துவிட்டாள். எதிரே சுவரில் எழுத்து மாட்டியிருக்கிறது. ஒரு சின்னப் பெண், "பாட்டி, மேல என்ன எழுத்து?" என்கிறாள். ஊரே சுற்றி நிற்கிறது. நான் மூன்றாம் வகுப்பு. எழுத்து மறந்து எத்தனையோ காலம். அதைத் தெரிந்துகொண்டுதானே அங்கே உட்கார வைத்தாள்? "எழுத்து வேணாம், இதுல எத்தனை வெரல்?" என்று அந்தப் பெண் கையைத் தூக்கினாள். அத்தனை தூரத்தில் விரலைக் காட்டினால் யாருக்குத் தெரியும்? நான் எழுந்து வந்துவிட்டேன். பின்னாலேயே ஓடி வருகிறாள் வெள்ளத்தாய். "அக்கா, சின்ன ஆப்பரேசன்தான்க்கா. புரை உரிச்சு எடுத்தா பளிச்சுனு தெரியுமாம்."

"ஏண்டி, கண்ணையும் நோண்டி எடுக்கணுமா ஒனக்கு? சேலை பத்தலையா?" என்றேன்.

அன்றைக்குத்தான் அவள் முகம் செத்துப்போனது. நல்லா வேண்டும்.

இனிதான் இந்த வருஷத்துக் கதை. பாலம் இன்னும் வரவில்லையே? வந்தால் சொல்.

அவள் மகளுக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளை வீடு ஒட்டன்சத்திரம் பக்கம். பிள்ளை பிறந்து குளிப்பாட்டி முடித்துத்தான் வருவாளாம், ஆடி ஆகிவிடும். நான் உள்ளுக்குள் கொண்டாடினேன். இந்த வருஷ அரப்பு முழுக்க எனக்கு நிம்மதி. புறப்படுவதற்கு முந்தின வாரம் பார்த்தால் தினமும் விடியற்காலையில் தனியாகக் கரட்டுக்கு ஏறுகிறாள். என்னைக் கூப்பிடவில்லை. கொலுசு இல்லை. இறங்கி வரும்போது முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் போய்விடுகிறாள். ஊரைவிட்டுப் போகிறவளுக்குக் கரட்டில் என்ன வேலை?

புறப்படுகிற அன்று வாசலுக்கு வந்தாள். கையை மறைத்துக்கொண்டு நின்றாள். கிட்டே வந்தபோது பார்த்தேன், இரண்டு கையும் முழங்கைவரைக்கும் தடித்து, கொப்புளம் கட்டி, எண்ணெய் பளபளக்கிறது. செய்வினை வைக்கப்போனவள் கையையே சுட்டிருக்கிறது பார். அதுதான் என் முதல் எண்ணம்.

"அக்கா, கோவப்படாமக் கேளுங்க" என்றாள். "கரட்டுல செவப்புத் துணி கட்டியிருக்கேன். செவப்புத் துணி இருக்கிற மரத்துகிட்டப் போகாதீக. அது சேரா. துரட்டி அங்கிட்டு நீளவே கூடாது. செவப்பு இல்லாத உசிலையாப் பாத்துப் பறிங்க. செவப்பு மட்டும் ஒங்களுக்கு நல்லாத் தெரியுதுல்ல?"

"எல்லாக் கலரும் எனக்கு நல்லாத்தான் தெரியுது."

"சரிக்கா. செவப்பைப் பாத்தா வெலகிப் போயிருங்க. அம்புட்டுத்தான். எனக்காக."

"எனக்காக" என்கிறாள்! இருக்கிற மரத்தையெல்லாம் தனக்கு வளைத்துப் போட்டுவிட்டு, என்னை விலகிப் போகச் சொல்கிறாள். துணி கட்டினால் அது கட்டினவள் மரம். கரட்டில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். சேரா மரத்துக்கு யாராவது துணி கட்டுவார்களா? எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கட்டியிருக்கிறார்களா? ஒருத்தரும் இல்லை.

"எந்தத் துணிடி செவப்பு?" என்று கேட்டேன். "ஒன் துணி பச்சைக் கட்டமாச்சே?"

தலையைக் குனிந்துகொண்டாள். "அத்தையோட சுங்குடிக்கா. அதைவிடப் பளிச்சுனு வேற செவப்பு நம்மகிட்ட இல்ல."

தாயி, கேட்டுக்கொள். அந்தச் சேலையை! கட்டவும் மாட்டாள், கொடுக்கவும் மாட்டாள், கடைசியில் கிழித்துச் செடிக்கும் செத்தைக்கும் கட்டியிருக்கிறாள். எனக்குக் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு பெண்பிள்ளை தன் மாமியார் கல்யாணச் சேலையை நார் நாராகக் கிழிப்பாளா? இவள் கிழித்திருக்கிறாள். நான் மண்ணை வாரித் தூற்றினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் மகள் வயிற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை வந்துவிட்டது, கோபத்தில். அதற்கு மட்டும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அதைச் சொல்லாதீகக்கா" என்றாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பஸ் ஏறுகிறவரைக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாளாம். தவசிதான் சொன்னார். நான் எங்கே பார்த்தேன்? அவர் கடைசியாகச் சொன்னது: "அவ சொன்னதைக் கேட்டு நட. இல்ல, கரட்டுக்கே போகாத."

எனக்கு உத்தரவு போடுகிறார்கள் தாயி. கரட்டுக்குப் போகாதே என்று எனக்கு.

மறுநாளே ஏறினேன். அவள் சொன்னது மெய்தான், சிவப்பு எங்கும் தெரிந்தது. இந்த வருஷம் மழையே இல்லாததால் கரட்டில் எல்லாம் ஒரே சாம்பலாகக் கிடக்கிறது. மரம் எது, பாறை எது என்று பிரிக்க முடியாத சாம்பல். நாலைந்து வருஷமாகவே மழை அப்படித்தான். அந்தச் சாம்பலுக்குள் அங்கங்கே சிவப்பு மட்டும் துடிக்கிறது. காயம் மாதிரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் என் மாமியார் சேலை. என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி.

கொஞ்ச தூரம் அவள் சொன்ன மாதிரியே விலகி விலகி நடந்தேன் என்றுதான் வை. ஏன் என்று தெரியவில்லை. பயம்தான். விலகி நடந்தபோது ஒன்றும் ஆகவில்லை. ஒரு முள் குத்தவில்லை. சாக்கும் பாதி நிறைந்தது. இவளை நம்பித்தான் ஆக வேண்டுமோ என்றுகூட ஒரு நிமிஷம் மனம் இளகியது. அப்போதுதான் பார்த்தேன், மேற்குப் பக்கம், பாதை முடிகிற இடத்தில் ஒரு சிவப்பு. தரையோடு தரையாக. மரத்தில் இல்லை. கிட்டே போய்த் தடவிப் பார்த்தேன். முள். காரைச் செடி. என் இடுப்பு உயரம்கூட இல்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு சிவப்பு, விராலிப் புதரில். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, சூரை முள்ளில். வேலி கட்டின மாதிரி வரிசையாக.

காரைக்கு எதற்குத் துணி? அதில் அரப்பு எடுப்பாளா? அதில் சேராப் பால் வடிகிறதா? சொல் பார்ப்போம். அப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இது மரத்துக்குப் போட்ட துணி இல்லை. என் பெயருக்குப் போட்ட துணி. செத்தவள் சேலையைக் கிழித்து, நான் நடக்கிற தடமெல்லாம் கட்டி, என்னைக் கட்டுப்போட்டிருக்கிறாள்.

அந்தக் காரையில் கட்டினதை அவிழ்க்கக் கையை நீட்டி ஒரு எட்டு வைத்தேன். காலுக்குக் கீழே நிலம் இல்லை.

ஆமாம், இல்லை. சரளைக் கல் சரிந்தது. நான் காரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உள்ளங்கை முழுக்க முள். என் காலுக்குக் கீழே உருண்ட கல் விழுந்து கீழே மோதுகிற சத்தம் வரவே நேரமாயிற்று. ஓடைப் பள்ளத்து விளிம்பு அது. இரண்டு தென்னை உயரம். நான் எத்தனையோ தடவை நின்று எட்டிப் பார்த்த இடம். இத்தனை வருஷத்தில் ஒருநாள் அங்கே தடுமாறினதில்லை. இந்தத் துணி இல்லாவிட்டால் அன்றைக்கு அந்தப் பக்கம் போயிருப்பேனா? துணியைப் பார்த்துத்தானே போனேன்? என்னைக் கொல்வதற்கென்றே பள்ளத்து ஓரமாகப் பார்த்துக் கட்டியிருக்கிறாள். அந்தப் பள்ளம் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாமலா வரிசையாகக் கட்டினாள்?

இதை ஊரில் சொன்னால் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்க்கிறார்கள். "அட கிறுக்கச்சி, பள்ளம் இருக்குன்னு காட்டத்தான்டி கட்டியிருக்கா" என்கிறாள் பால்காரி. இப்படித்தான் தாயி, எப்படிச் சொன்னாலும் அவள் நல்லவளாகிவிடுகிறாள். நீயும் என்ன அப்படிப் பார்க்கிறாய்? பார்க்கிறாய்தானே? பேசாமல் இருக்கிறாய். பார்க்கிறாய் என்றுதான் அர்த்தம்.

இதற்கு மேல் சும்மா இருந்தால் என் உயிருக்கு யார் பொறுப்பு? தவசியா? அவர் காலையில் போனால் சாயங்காலம்தான். பிள்ளை திருப்பூரில். என்னை நான்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். இந்த மூன்று நாளாகக் கரட்டில் அதுதான் வேலை. அரப்புக்கூடப் பறிக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அவிழ்த்தேன். அந்தச் சிவப்பு மட்டும் என் கண்ணுக்குத் தப்பாது, அது அவளுக்குத் தெரியவில்லை பார். அவள் போட்ட முடிச்சு ஒவ்வொன்றும் எப்படி இறுக்கம்! காற்றுக்கும் அவிழக் கூடாது என்று இரண்டு முடிச்சு. பல்லால் கடித்தும் இழுத்தேன். மரத்தில் கட்டினதை எல்லாம் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவிழ்த்தேன். கடைசியாகப் பள்ளத்து ஓரத்தில் படுத்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டி, காரையில் இருந்ததையும் விராலியில் இருந்ததையும் சூரையில் இருந்ததையும் எடுத்தேன். ஒன்று பாக்கி இல்லை. கரட்டைச் சுத்தம் செய்துவிட்டேன்.

அதுதான் இந்த மூட்டை.

அதில் எவ்வளவு வைத்திருக்கிறாள் என்பதற்கு என் கையைப் பார். நேற்றிலிருந்து அரிப்பு. விரல் இடுக்கெல்லாம் தடித்துவிட்டது. உதடும் எரிகிறது. அவள் கையில் பார்த்த அதே கொப்புளம். மருந்து வைக்காத வெறும் துணிக்கு இப்படிச் செய்யுமா? நீ படித்தவள், சொல்லேன். என்ன, ஆஸ்பத்திரியா? போகிறேன், போகிறேன். முதலில் இது கையைவிட்டுப் போகட்டும்.

எரித்துவிடலாம் என்று பார்த்தேன். புகை என் மேல் படும். புதைக்கலாம் என்றால், எங்கள் நிலத்திலா புதைப்பது? ஓடுகிற தண்ணீரில் விட்டால்தான் திரும்பி வராது. அதற்குத்தான் ஆற்றுக்குப் போகிறேன். இறங்கிப் படிக்கட்டில் போய் விடலாம் என்றிருந்தேன். ஆனால் படிக்கட்டு வழுக்கும், இந்த நேரம் பார்த்துக் கண்ணில் வேறு தண்ணீர் வடிகிறது. பாலத்தில் பஸ் மெதுவாகத்தான் போகும். ஜன்னல் வழியாகவே போட்டுவிடுவேன்.

கிழியாமல் இருந்தால் எத்தனை அழகு தெரியுமா அந்தச் சேலை? தீபாவளிக்குத் தீபாவளி நினைத்துக்கொள்வேன். ஒரு துண்டு, அந்த மஞ்சள் கரை இருக்கிற துண்டு, அதை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று நேற்று ராத்திரி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டாம். அவள் கை பட்டது.

பாலமா? வந்துவிட்டதா? ஆமாம், சத்தம் மாறுகிறது. கொஞ்சம் நகர்ந்துகொள். ஜன்னலைத் தூக்கிவிடு தாயி, என் கையால் முடியவில்லை. ஏன் என் கையைப் பிடிக்கிறாய்? விடு. விடு என்கிறேன். நீயும் அவளைப் போலவே "வேணாம்மா" என்கிறாய். உங்கள் எல்லாருக்கும் அவள்தான் ஊட்டி வளர்த்தாளா?

போட்டுவிட்டேன்.

விழுந்ததா? தண்ணீரில் விழுந்ததா? அவிழ்ந்து தனித்தனியாகவா போகிறது? சிவப்பாகவா? எல்லாமே போய்விட்டதா? நன்றாகப் பார்த்துச் சொல். இந்த வெளிச்சத்தில் எனக்கு ஆறே தெரியவில்லை, வெள்ளையாக இருக்கிறது.

போகட்டும். இனி பயமில்லை. கரடு முழுக்க ஒரு துணி கிடையாது. இனி எனக்கு எல்லா மரமும் ஒன்றுதான். நாளைக்குக் காலையில், வெயில் ஏறுமுன்னே, தனியாகவே ஏறுவேன்.